தேவைப்பட்டால்

தக்கலையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் 26 ஆண்டுகளாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். ஒற்றி, கிரையம், பாகப்பிரிவினை, கிரைய உடன்படிக்கை, அதற்குக் கெடு நீட்டிப்பு என்று என் நாட்கள் போகின்றன. பட்டாளத்துக் காகிதங்கள் என் தொழிலில் சேராது. ஆனால் அப்பா நேவியில் இருந்தவர், அக்கா மகன் அக்னிவீர், அதாவது ராணுவத்தில் நான்கு ஆண்டுக்கு மட்டும் எடுக்கப்பட்ட வீரன் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அதனால் பட்டாளம் சம்பந்தமான சந்தேகம் எதுவானாலும் என் மேசைக்கு வந்துவிடுகிறது.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற வேலை. விரல் இடுக்குகளில் பால் காய்ந்து கறுத்திருந்தது. கணவர் தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார். ஒரே மகன். ஒன்றரை ஆண்டுக்கு முன் அக்னிவீராகச் சேர்ந்தவன், இப்போது வடக்கே எங்கோ இருக்கிறான்.

“அண்ணாச்சி, நாலு வருடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். அதை இரண்டு வருடமாக மாற்றி ஒரு பத்திரம் எழுதித் தாருங்கள். எங்கள் ஒற்றிக்குக் கெடுவை மாற்றி எழுதிக் கொடுத்தீர்களே, அதுபோல இருந்தால் போதும்” என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் அறிந்த உலகத்தில் அந்தக் கேள்வி நியாயமானது. நிலத்தை 5 ஆண்டு ஒற்றிக்குக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருநாள் என் முன்னால் வந்து உட்கார்ந்து, இன்னும் 2 ஆண்டு போகட்டும் என்பார்கள். நான் எழுதுவேன், இருவரும் கையெழுத்திடுவார்கள், முடிந்தது. கையெழுத்திட்ட கெடுவை மாற்ற வேண்டுமானால் கையெழுத்திட்ட இருவரும் வேண்டும். இந்த ஒரு விதியை நம்பித்தான் நான் வாழ்ந்து கொண்டிருக்கிறேன். பட்டாளத்தில் அந்த விதி கிடையாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

எனக்கே அது விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அப்பாவின் கதையால் விளங்கியது.

அப்பா 1968-இல், 18 வயதில் நேவியில் சேர்ந்தார். அன்றைய கடற்படை வீரர்களுக்கு 10 ஆண்டு முழுநேரப் பணி, அதற்குமேல் 10 ஆண்டு ரிசர்வ். ரிசர்வ் என்றால் வீட்டில் இருக்கலாம், சொந்த வேலையைப் பார்க்கலாம், அழைத்தால் போக வேண்டும். பணியும் ரிசர்வும் சேர்ந்து 15 ஆண்டைத் தொட்டால் ரிசர்வ் பென்ஷன் உண்டு. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அப்பா கையெழுத்துப் போட்டார். கப்பலில் கொதிகலன் அறையில் வேலை. 1971 போரின்போது வங்காள விரிகுடாவில் இருந்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை, நானும் இங்கே விரிக்கவில்லை.

1978-இல் அவருக்கு 10 ஆண்டு முடிந்தது. இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டில் பாட்டி படுக்கையில். அத்தைக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். வயலைப் பார்க்க ஆளில்லை. எப்படியும் 10 ஆண்டு ரிசர்வ் இருக்கிறதே, பென்ஷன் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்து அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒப்பந்தக் காலம் முடிந்ததால் விடுவிக்கப்படுகிறார் என்று எழுதிய சான்றிதழை வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

எங்கள் வீட்டு மச்சில் கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று உண்டு. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அப்பாவின் பெயரும் எண்ணும். நான் சிறுவனாக இருந்தபோது ஆடி மாதம்தோறும் அதை இறக்குவார்கள். வெள்ளைச் சீருடை இரண்டு செட், ஒரு ஜோடி கறுப்பு ஷூ, தோல் வார். அம்மா சீருடையை எடுத்துத் துவைத்து நீலம் போட்டு வெயிலில் உலர்த்துவார். அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். பிறகு பாச்சை உருண்டைகளை மாற்றிப் போட்டு, எல்லாவற்றையும் பழைய மடிப்பு கலையாமல் உள்ளே வைத்து மூடுவார்கள். அழைப்பு வந்தால் அன்றைக்கே புறப்பட வேண்டுமே, அதற்காக. தபால்காரரிடமும் அப்பா சொல்லி வைத்திருந்தார்: பழுப்பு நிற உறை எது வந்தாலும் கடையில் கொடுத்துவிட்டுப் போகக்கூடாது, வீட்டில் என் கையில் தர வேண்டும்.

அப்படி எந்த உறையும் வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவோடு கப்பலில் இருந்த ஒருவர் கன்னியாகுமரி பார்க்கக் குடும்பத்தோடு வந்தார். மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது, “ரிசர்வா? அதைத்தான் 1976-இலேயே நிறுத்திவிட்டார்களே” என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அவருக்கு இன்னொரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். அடுத்த ஆடியில் பெட்டியை யாரும் இறக்கவில்லை.

நடந்தது இதுதான். 1976 ஜூலை 3-ஆம் தேதி அரசு ஓர் உத்தரவு போட்டது. கடற்படையின் ரிசர்வ் முறை நிறுத்தப்பட்டது. புதிதாகச் சேருகிறவர்களின் பணிக்காலம் 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்ந்தது. அந்தத் தேதியில் அப்பா பணியில்தான் இருந்தார், கையெழுத்துப் போட்டு 8 ஆண்டு ஆகியிருந்தது. அவர் கையெழுத்திட்ட 20 ஆண்டில் பின்பாதி அன்றைக்கே இல்லாமல் போய்விட்டது. அதற்காக அவரிடம் புதிதாக யாரும் கையெழுத்து வாங்கவில்லை, வாங்க வேண்டிய அவசியமும் சட்டத்தில் இல்லை. இது தெரிந்திருந்தால் 1978-இல் அந்த 5 ஆண்டை நீட்டியிருப்பார். பாட்டியை என் பெரியப்பா வீட்டில் விட்டாவது நீட்டியிருப்பார். “சொல்லியிருப்பார்கள். நான்தான் காது கொடுத்துக் கேட்கவில்லையாக இருக்கும்” என்பார் அப்பா. யாரையும் குறை சொல்ல அவருக்கு வராது.

இப்படிப்பட்டவர்கள் நாடு முழுவதும் பலர் இருந்தார்கள். வழக்குகள் போயின. 2016 அக்டோபர் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரிசர்வ் என்பது “தேவைப்பட்டால்” மட்டுமே என்றுதான் பணி நிபந்தனையில் இருந்தது. 10 ஆண்டு முடித்ததாலேயே ஒருவர் தானாக ரிசர்வில் சேர்ந்துவிட மாட்டார். எனவே அந்த உத்தரவுக்குப் பிறகு 10 ஆண்டை முடித்து வெளியேறியவர்கள் ரிசர்வ் பென்ஷன் கேட்க முடியாது. அதே தீர்ப்பு, 1964-ஆம் ஆண்டின் கடற்படை ஓய்வூதிய விதிமுறைகளில் 95-ஆம் விதியின்கீழ் வரும் சிறப்பு ஓய்வூதியத்துக்கான கதவைத் திறந்தும் வைத்தது.

பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்த அன்று அப்பா பெட்டியைத் தாமே இறக்கினார். 66 வயதில் ஏணி வைத்து மச்சில் ஏறியிருக்கிறார், நான் சாயங்காலம் வந்து சத்தம் போட்டேன். அடியில் கிடந்த காகிதங்களை எடுத்து நீட்டி, “வாசி” என்றார். வாசித்தேன். ரிசர்வ் பற்றிய வரியின் கடைசியில் அந்தச் சொல் இருந்தது. தேவைப்பட்டால். 10 என்ற எண் கண்ணில் படுகிறபடி பேனாவால் எழுதி நிரப்பியிருந்தார்கள். “தேவைப்பட்டால்” என்பது அச்சில், மங்கி, வரியின் ஓரத்தில் கிடந்தது. 18 வயதுப் பையன் எதைப் படித்திருப்பான்?

தீர்ப்பு சட்டப்படி சரி என்றுதான் நான் நினைக்கிறேன். எழுத்தில் இருப்பதைத்தான் நீதிமன்றம் படிக்க முடியும், என் தொழிலும் அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் ஒன்று எனக்கு இன்றுவரை ஆறவில்லை. குத்தகையை முடித்துக்கொள்ள நினைப்பவர்கூட எதிராளிக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, அட்டை திரும்பி வந்ததா என்று பார்த்து வைத்துக்கொள்வார். பத்தாண்டு வாழ்க்கையைப் பாதிக்கும் மாற்றத்தை ஒவ்வொருவர் கையிலும் அவரவர் மொழியில் ஒரு தாளாகக் கொடுத்து, வாங்கிக்கொண்டேன் என்று ஒப்பம் வாங்கியிருந்தால் என்ன? மாற்றும் உரிமை அரசுக்கு இருக்கட்டும். சொல்லும் கடமையும் அதே அளவுக்கு இருக்க வேண்டாமா?

சிறப்பு ஓய்வூதியம் கேட்டு அப்பாவுக்கு நானே விண்ணப்பம் எழுதினேன். ஓர் அலுவலகத்திலிருந்து, இணைப்பில் ஒரு பக்கம் குறைகிறது என்று ஒரே ஒரு கடிதம் வந்தது. அந்தப் பக்கத்தையும் அனுப்பிவிட்டோம். தபால்காரரிடம் அப்பா மறுபடியும் சொல்லி வைத்திருக்கிறார்.

அந்த நாட்களில்தான் நான் சட்டத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1967-இல் ஒரு ரயில்வே ஊழியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பிடிபட்டபோது பல முடிச்சுகள் அவிழ்ந்தன. அரசுப் பணி தொடங்கும்போது ஓர் ஒப்பந்தம் உண்டு. நியமனம் ஆனபின் அது ஒரு நிலை ஆகிவிடுகிறது. அந்த நிலையின் உரிமைகளையும் கடமைகளையும் சட்டமும் விதிகளும் தீர்மானிக்கின்றன, அவற்றை அரசு தானாகவே மாற்றலாம். படைவீரருக்கு இது இன்னும் இறுக்கம். அரசியல் சாசனத்தின் 310-ஆம் பிரிவின்படி அவர் பதவி குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரைதான். கல்யாணத்தைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். தாலி கட்டும்வரை இரண்டு வீட்டாரும் பேசலாம், கட்டியபின் கணவன் மனைவி என்பதற்கு என்ன பொருள் என்பதைச் சட்டம் சொல்லிவிடும்.

இன்னொரு இடத்தையும் அன்றைக்கு அடிக்கோடிட்டேன். 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 13-ஆம் பிரிவு. சேர வந்தவருக்குப் பணி நிபந்தனைகளைச் சேர்க்கும் அதிகாரி வாசித்து விளக்க வேண்டும், அல்லது தம் முன்னிலையில் விளக்கச் செய்ய வேண்டும். 14-ஆம் பிரிவு, அவர் முழுமையாகப் புரிந்துகொண்டு சம்மதிக்கிறார் என்று அதிகாரி திருப்தி அடைந்த பிறகே கையெழுத்து என்கிறது. அதை அடுத்து வரும் 15-ஆம் பிரிவு கதவைச் சாத்திவிடுகிறது: மூன்று மாதம் சம்பளம் வாங்கிவிட்டால், சேர்த்துக்கொண்ட முறையில் குறை இருந்தது என்று சொல்லி எவரும் விடுதலை கேட்க முடியாது. ஆக, காலத்தின் நீளத்தைப் பற்றிப் பையன் வாய்திறந்து கேட்கக்கூடிய நேரம் அந்த 13-ஆம் பிரிவு நேரம் மட்டும்தான். அது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ. வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்பார்கள். பையனுக்கு ஓட்டத்தில் தேறிய மகிழ்ச்சி, வீட்டுக்குப் போன் செய்யும் அவசரம். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன். அங்கே தமிழில், நிதானமாக, ஒவ்வொரு வரியாக வாசிக்கப்பட வேண்டும்.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். கொரோனாவால் இரண்டு ஆண்டு ராணுவத்துக்கு ஆள் எடுக்கவில்லை. அவன் தினமும் நாலு மணிக்கு எழுந்து புலியூர்க்குறிச்சிச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தான். 2022 ஜூன் 14-ஆம் தேதி அக்னிவீர்களை எடுக்கும் அக்னிபத் திட்டத்தின் அறிவிப்பு வந்தபோது வயது வரம்பு 21. அவனுக்கு 22. அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. இரண்டே நாளில், அந்த ஆண்டுக்கு மட்டும் என்று வரம்பை 23 ஆக்கினார்கள். எதிர்த் தரப்பு நினைத்தால் இரண்டு நாளில் மாற்ற முடியும் என்பதை அன்று நாங்கள் சந்தோஷமாகவே பார்த்தோம். ஆகஸ்ட் கடைசியில் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் முகாம். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தான்.

கையெழுத்திடும் முன்பு அப்பா அவனைத் திண்ணையில் உட்கார வைத்தார். அறிவிப்பை நான் வாசித்தேன். பயிற்சியும் சேர்த்து நான்கு ஆண்டு. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 சேவா நிதிக்குப் பிடித்தம், கையில் 21,000. நான்காம் ஆண்டில் 40,000, கையில் 28,000. நான்கு ஆண்டில் அவன் பங்கு 5.02 லட்சம், அதே அளவு அரசுப் பங்கு, வட்டியோடு முடிவில் ஏறத்தாழ 11.71 லட்சம், வருமான வரி இல்லை. பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. 48 லட்சம் ஆயுள் காப்பீடு உண்டு. முடிவில் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அதிகபட்சம் 25 சதவீதம் பேர் எடுக்கப்படுவார்கள். எடுக்கப்பட்டால் குறைந்தது 15 ஆண்டு.

“அதிகபட்சம் என்றால் என்ன, மக்களே?” என்று அப்பா கேட்டார்.

“நூறு பேரில் 25 பேர், பாட்டா.”

“இல்லை. 25-க்கு மேல் போகாது என்று பொருள். குறையலாம். அந்த வரியை மறுபடியும் வாசி.”

மூன்று முறை வாசிக்க வைத்தார். அதனால் எங்கள் வீட்டுப் பையனுக்குத் தன் காகிதத்தில் உள்ள அரைச்சொல்கூடத் தெரியும். தெரிந்தும் சேர்ந்தான். அதில் எனக்குப் பெருமைதான்.

இந்த முறை விடுப்பில் வந்தவன் என்னை உதயகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனான். டிலனாயின் கல்லறைக்கு முன்னால் நின்றோம். டச்சுக் கம்பெனிக்காக வந்தவர், 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து, 1777-இல் சாகும்வரை 30 ஆண்டுகளுக்கு மேல் இந்த மண்ணிலேயே பணியாற்றியவர். திருவிதாங்கூர் மகாராஜாவுக்காகக் கையெழுத்திட்ட எங்கள் ஊர்க்காரர்களும் பின்னாளில் இந்திய ராணுவத்தில் இணைக்கப்பட்டு மதராஸ் ரெஜிமெண்டின் 9, 16-ஆம் பட்டாலியன்களின் ஆட்களானார்கள். சேர்ந்த இடத்தில், சேர்ந்த நிபந்தனையோடு பணியை முடித்த பட்டாளத்துக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

“மாமா, எனக்கு 2027 தொடக்கத்தில் முடிகிறது. இதை நீட்டித் தரும்படி மனு எழுத முடியுமா?” என்று கேட்டான். முடியாது என்று அவனுக்கே தெரியும். விண்ணப்பிக்கலாம், தகுதிப்படி எடுப்பார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்று கேட்கிற உரிமை கிடையாது. ஆனாலும் என் வாயால் வேறு பதில் வருமா என்று பார்த்தான். “நீ செய்கிற வேலைதான் உன் மனு” என்றேன். வேறு சொல்லத் தெரியவில்லை.

அந்த அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று எழுத வேண்டும். பத்திரம் எழுத முடியாது, ஆனால் ஒரு சிறு வழி இருக்கிறது என்றேன். அக்னிவீர் தன் விருப்பத்தில் இடையில் விலக அனுமதியில்லை. மிக அரிதான சூழ்நிலைகளில் உரிய அதிகாரி ஒப்புதல் தந்தால் விடுவிக்கலாம். கேட்க வேண்டியவன் மகன். அம்மாவின் கடிதமும், அப்பாவின் மருத்துவச் சான்றும், வீட்டில் வேறு ஆண் இல்லை என்பதற்கான சான்றும் துணைக்குப் போகும். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொன்னேன். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னேன்: விடுப்பில் வந்தவன் திரும்பிப் போகாமல் வீட்டில் இருந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ராணுவச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி ஓடிப்போனவனுக்கு, போர்ப்பணி அல்லாத சமயத்தில்கூட 7 ஆண்டு வரை சிறை. அவர் தலையசைத்தார். அப்படி யாரோ ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

மனுவை எழுதி முடித்த இரவு மகன் போனில் பேசினான். வரிவரியாக வாசித்தேன். அப்பாவின் முதுகெலும்பு, அம்மாவின் வேலை, தங்கையின் படிப்பு எல்லாவற்றுக்கும் “ஆமாம் சார், ஆமாம் சார்” என்றான். பிறகு நான் மனுவில் இல்லாத ஒன்றை வாசித்தேன். சொந்த விருப்பத்தில் விலகினால் சேவா நிதியில் உன் பங்கும் அதற்கான வட்டியும் மட்டுமே கிடைக்கும், அரசுப் பங்கு கிடைக்காது. உன் பங்கு இதுவரை 1,67,400 ரூபாய். முழுக்காலமும் இருந்தால் அரசுப் பங்கும் வட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 11.71 லட்சம். நிரந்தரப் பணிக்கான வாய்ப்பும் இதோடு போய்விடும்.

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. எங்கோ விசில் ஊதுவது கேட்டது.

“அந்தக் கடைசியை இன்னொரு தடவை வாசியுங்கள், சார்” என்றான். வாசித்தேன். மெதுவாக, என் அப்பா வாசிக்க வைத்ததுபோல. எண்களை அவனையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன், சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறான். தட்டச்சு செய்த மனு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.